"யோகா செய்யும்மா, மனசு அமைதியாகும்"

(பெண்கள் வாசிப்பு வட்டம் ஒன்றின் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கைச் சில இடங்களில் மட்டும் திருத்தியிருக்கிறேன்.)

 

என்னைப் பேச அழைத்த தோழரிடம் தலைப்பைச் சொன்னதும் போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "யோகாவா தோழர்? நம்ம மேடையிலயா?" என்று கேட்டார். அவர் தயங்கியதில் நியாயம் இருக்கிறது. 2014 டிசம்பரில் ஐ.நா. அவை அறிவித்து, 2015 முதல் ஒவ்வொரு ஜூன் 21 அன்றும் இந்த நாட்டில் என்ன கூத்து நடக்கிறது என்று நாம் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். பாய் விரித்து உட்காரும் அமைச்சர்களை வைத்து மீம் போட்டவர்களில் நானும் ஒருத்தி. இன்று நான் யோகாவை விற்க வரவில்லை. என் உடம்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதில் யோகா ஒரு சிறு இடத்தில் வருகிறது. அந்தச் சிறு இடம் எனக்கு முக்கியமானது.

எனக்கு நடந்தது சுயமரியாதைத் திருமணம். அண்ணா ஆட்சியில் சட்ட ஏற்பு பெற்ற அதே முறைத் திருமணம். தாலி இல்லை, புரோகிதர் இல்லை. மேடையில் பெரியார் படமும் அம்பேத்கர் படமும் இருந்தன. நான் விழுப்புரம் பக்கம் ஒரு காலனியில் பிறந்தவள். அவர் இடைநிலைச் சாதி. சாதி மறுப்புத் திருமணம் என்று வாழ்த்திப் பேசியவர்கள் மட்டும் பதினோரு பேர். அந்தப் பேச்சுகளை நான் வெகுநாள் போனில் வைத்திருந்தேன்.

முதல் அடி எட்டாவது மாதம் விழுந்தது. அடியைவிட அதோடு வந்த வார்த்தை எனக்கு நினைவிருக்கிறது. அது என் சாதிப் பெயர். மேடையில் அந்தச் சாதியின் விடுதலைக்காகப் பேசுகிற அதே வாய்தான். இதை இங்கே சொல்வது எவரையும் அவமானப்படுத்த அல்ல, அதனால் ஆள் அடையாளம் எதையும் சொல்லப்போவதில்லை. ஆனால் "நம்ம வீடுகளில் இது நடக்காது" என்று நினைத்துக்கொண்டிருக்கும் இளைய தோழர்கள் இங்கே இருந்தால், நடக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

ஆறு வருடம் இருந்தேன். ஏன் இருந்தாய் என்று கேட்பார்கள். அம்மா வீட்டுக்குத் திரும்ப வழியில்லை. "அவ்வளவு பேசிட்டுக் கட்டிக்கிட்டுப் போனியே, இப்ப வந்து நின்னா தெருவுல என்னடி சொல்லுவாங்க" என்றது அம்மா. அம்மாவும் அப்பாவிடம் அடி வாங்கியவர்தான், அதனால் அடியைப் பற்றி அதற்குப் பெரிய ஆச்சரியம் இல்லை. இயக்க நண்பர்களிடம் சொன்னேன். இரண்டு பேர் வீட்டுக்கு வந்து பேசினார்கள். போகும்போது வாசலில் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "தோழர், நீங்க கேஸ் குடுத்தா சாதிச் சங்கக்காரன் கைகொட்டிச் சிரிப்பான். பாத்தியா, கலப்புத் திருமணம் எங்க போய் நிக்குதுன்னு போஸ்டர் அடிப்பான்" என்றார். அந்த வார்த்தைக்காக நான் மேலும் ஒன்றரை வருடம் இருந்தேன். சாதி ஒழிப்பின் பெயரால் ஒரு தலித் பெண் அடி வாங்கிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும் என்று சொல்கிறோம் என்பது அவருக்கு உறைக்கவில்லை. எனக்கும்கூட அப்போது உறைக்கவில்லை.

கடைசியில் ஒருநாள் ஒரு காவல் நிலையத்துக்குப் போனேன். என்ன ஆளுங்க நீங்க என்பதுதான் முதல் கேள்வி. விவரமெல்லாம் கேட்டுவிட்டு, புகாரை எழுதாமல் பேனாவை மூடி வைத்துவிட்டு அந்த அம்மா சொன்னார்: "ரெண்டு பேரும் கோவத்தக் குறைச்சுக்கணும். நீ எங்கயாவது யோகா கிளாஸ் போ. யோகா செய்யும்மா, மனசு அமைதியாகும்."

உதடு வீங்கி உட்கார்ந்திருக்கிறவளிடம் சொன்னது இது. அன்றிலிருந்து யோகா என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அந்த மூடிய பேனாதான் ஞாபகம் வரும். அடிக்கிறவன் மாற வேண்டியதில்லை, அடிபடுகிறவள் அமைதியாக வேண்டும். இந்த வேலைக்கு யோகாவைப் பயன்படுத்துகிறவர்கள் ஏராளமாக இருக்கிறார்கள். முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச முடியும்.

வெளியே வந்தேன். எப்படி வந்தேன் என்பது தனிக்கதை. ஒரு வழக்கறிஞர் தோழர், ஒரு ஹாஸ்டல் வார்டன், என் அலுவலகத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கும் ஒரு அக்கா என்று மூன்று பெண்களால் வந்தேன். ஒற்றை அறை, வாடகைக்கு. பூட்டு என் கையில். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

இரவு ஒன்பதரை மணிக்குத் தெருவில் யாராவது பைக்கை நிறுத்தி ஸ்டாண்ட் போடுவார்கள். அந்த 'டக்' என்ற சத்தம். உடனே என் கை அப்படியே நின்றுவிடும். கரண்டி கையில் இருக்கும், அடுப்பில் ரசம் பொங்கி வழியும், நான் நிற்பேன். அவர் இந்த ஊரிலேயே இல்லை என்று எனக்குத் தெரியும். என் உடம்புக்குத் தெரியவில்லை. மூன்று வருடம் கழித்தும் தெரியவில்லை. சுவரில் முதுகு ஒட்டாமல் தூங்க முடியாது. குளிக்கும்போது கதவைத் தாழிட்டால் மூச்சு முட்டும், தாழிடாவிட்டால் பயம். அலுவலகத்தில் மேனேஜர் குரலை உயர்த்தினால் காது அடைத்துக்கொள்ளும், அவர் வாய் அசைவது மட்டும் தெரியும். சோம்பேறி, கவனமில்லாதவள், கோட்டாவில் வந்தவள் என்று பெயர் வாங்கினேன்.

இதற்கு ட்ராமா என்று பெயர். மனவடு என்று தமிழில் எழுதுகிறார்கள். நல்ல சொல்தான், ஆனால் வடு என்றால் ஆறிய புண்ணின் தடம். இது ஆறாதது. ஆபத்து வரும்போது மூளையின் ஆழத்தில் அமிக்டலா என்ற பகுதி மணி அடிக்கிறது. இதயம் வேகமாகிறது, தசை இறுகுகிறது. ஓடு, எதிர்த்து நில், இரண்டும் முடியாவிட்டால் உறைந்து போ. காட்டில் புலியைப் பார்த்தவனுக்கு அந்த மணி பத்து நிமிடத்தில் நின்றுவிடும். புலியோடு ஒரே வீட்டில் ஆறு வருடம் இருந்தவளுக்கு மணி நிற்பதே இல்லை. நாளடைவில் இன்னொன்றும் நடக்கிறது. வலியைத் தாங்குவதற்காக உடம்பை உணர்வதையே நிறுத்திக்கொள்கிறோம். பசிக்கிறதா, குளிர்கிறதா, மூத்திரம் முட்டுகிறதா என்பதுகூடத் தாமதமாகத்தான் தெரியும். நான் மிகைப்படுத்தவில்லை. இங்கே சிலர் தலையாட்டுவது எனக்குத் தெரிகிறது.

அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனேன். தூக்கத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள், உதவியது. ஆலோசகர் ஒருவர் பொறுமையாகப் பேசினார். மனவடுவை மையப்படுத்திய பேச்சுச் சிகிச்சையும், கண் அசைவுகளைப் பயன்படுத்தும் ஈ.எம்.டி.ஆர். என்ற சிகிச்சையும்தான் உலகமெங்கும் முதலில் பரிந்துரைக்கப்படுகிறவை. அதை மறுக்கும் எதையும் நான் இன்று சொல்லப்போவதில்லை. ஆனால் என் சிக்கல், நடந்ததைச் சொல்லச் சொன்னால் எனக்குச் சொல் வராது. வாய் திறக்கும், தொண்டைக்கு மேல் ஒன்றும் வராது. தொண்டையைத்தான் அவர் பிடிப்பார்.

அப்போது ஒரு சிநேகிதி சொல்லி ஒரு யோகா வகுப்புக்குப் போனேன். அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடி. மாதம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய், பாய் நம் செலவு. முதல் நாளே என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டார்கள். எல்லாம் சாப்பிடுவேன் என்றேன். "எல்லாம்னா?" என்றார் ஒருவர். நான் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வி எந்தக் கதவைத் தட்டுகிறது என்று நம்மில் யாருக்குத்தான் தெரியாது! கண்ணை மூடச் சொன்னார்கள். மூச்சை இழுத்து நிறுத்தச் சொன்னார்கள். தொண்டை பிடிபட்டவளிடம் மூச்சை நிறுத்தச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பிறகு ஆளுக்கொரு பெல்ட் கொடுத்தார்கள், காலில் மாட்டி இழுப்பதற்கு. நான் அந்த பெல்ட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆசிரியர் நல்ல மனிதர். நான் பாவனை சரியாகச் செய்யவில்லை என்று பின்னால் வந்து இடுப்பைப் பிடித்துத் திருப்பினார். அவ்வளவுதான். அன்று வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று இன்றுவரை ஞாபகமில்லை. வந்து வாந்தி எடுத்தது மட்டும் தெரியும்.

யோகா எல்லோருக்கும் நல்லது, பக்கவிளைவே கிடையாது என்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். உண்டு.

இந்தத் 'திருத்தும் கை' பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அஷ்டாங்க யோகாவை மைசூரிலிருந்து உலகம் முழுக்கக் கொண்டுபோன பட்டாபி ஜோய்ஸ் 2009இல் இறந்தார். ஆசனத்தைத் திருத்துகிறேன் என்ற பெயரில் அவர் தங்களைப் பாலியல் ரீதியாகத் தொட்டதாகப் பிற்பாடு பல பெண்கள் பெயர் சொல்லி வெளிப்படையாகப் பேசினார்கள். குருவின் கையைக் கேள்வி கேட்கக் கூடாது என்ற ஒழுங்குதான் அத்தனை வருடம் அவர்கள் வாயை அடைத்து வைத்தது. குரு, கணவன், ஆண்டை என எல்லா இடத்திலும் இதே ஒழுங்குதான்.

பிறகு எப்படி நான் திரும்பவும் அதன் பக்கம் போனேன்? குடும்ப வன்முறையிலிருந்து வெளியேறிய பெண்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமை கூடுவோம். ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே சின்ன ஹால். முதலில் டீ, பேச்சு, வழக்கு வாய்தா பற்றிய புலம்பல், இவ்வளவுதான். அங்கே ஒரு அக்கா வந்தார். மனநல ஆலோசகர். "நாற்காலியில உட்கார்ந்தபடியே கொஞ்சம் அசைஞ்சு பார்க்கலாமா? வேண்டாம்னா டீ குடிச்சிக்கிட்டே இருங்க" என்றார். பிளாஸ்டிக் நாற்காலி. கதவு திறந்தே இருந்தது. யார் எங்கே உட்காருவது என்று அவர் சொல்லவில்லை, நாங்கள் எட்டுப் பேரும் சுவரோரம் போய் ஒட்டிக்கொண்டோம். நடுவில் யாருமே இல்லை. அவர் சிரித்துவிட்டு அவரும் ஒரு மூலைக்குப் போய்விட்டார்.

அன்று செய்தது இவ்வளவுதான்: பாதம் தரையில் படுவது தெரிகிறதா என்று பார்ப்பது. தோளை மேலே தூக்கி இறக்குவது. வலது கையை விரும்பினால் நீட்டுவது, எவ்வளவு தூரம் என்பது அவரவர் இஷ்டம். கண் திறந்தே இருக்கலாம். அவர் எழுந்து எங்களிடம் வரவே இல்லை. ஒரு முறை, "இந்தத் தோள் கொஞ்சம் கனமா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்றார். நான் என் தோளைக் கவனித்தேன். கனமாகத்தான் இருந்தது. எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு எனக்கு ஒரு தோள் இருப்பது அன்றுதான் தெரிந்தது. நான் அழவில்லை, பக்கத்தில் இருந்தவர்தான் அழுதார்.

இதை ட்ராமா சென்சிடிவ் யோகா என்கிறார்கள். அமெரிக்காவில், பாஸ்டனை ஒட்டிய புரூக்லைனில் இருந்த ட்ராமா சென்டரில் டேவிட் எமர்சன் என்ற யோகா ஆசிரியர் 2000களின் தொடக்கத்தில் மனநல மருத்துவர் பெசல் வான் டெர் கோக்கோடு சேர்ந்து உருவாக்கியது. அவர்களின் ஆய்வு 2014இல் வெளிவந்தது. பிற சிகிச்சைகளில் குணமாகாத, நாள்பட்ட மனவடு கொண்ட 64 பெண்கள். பாதிப் பேருக்குப் பத்து வாரம், வாரம் ஒரு மணி நேரம் இந்த யோகா. மீதிப் பேருக்கு அதே பத்து வாரம் பெண்கள் உடல்நலம் பற்றிய வகுப்பு. முடிவில் யோகா குழுவில் 31 பேரில் 16 பேருக்கு அந்த நோயின் இலக்கணத்துக்குள் வரும் அளவுக்கு அறிகுறிகள் இல்லை. மற்ற குழுவில் 29 பேரில் 6 பேருக்குத்தான் அப்படி. இதில் எனக்குப் பிடித்தது இன்னொரு விவரம். முதல் பாதியில் இரண்டு குழுவுமே தேறின. சேர்ந்து உட்கார்ந்து நாலு பேரோடு பேசினாலே கொஞ்சம் தேறுகிறது. ஆனால் வகுப்பு மட்டும் கேட்டவர்கள் பிற்பாதியில் மீண்டும் சரிந்தார்கள், யோகா செய்தவர்கள் சரியவில்லை.

சின்ன ஆய்வுதான். அறுபது பேரை வைத்து உலகத்தை அளக்க முடியாது. 2023இல் இன்னொன்று வந்தது. ராணுவத்தில் பாலியல் வன்முறைக்கு ஆளான அமெரிக்கப் பெண்கள் 131 பேர். ஒரு பகுதியினருக்கு நிலைநாட்டப்பட்ட பேச்சுச் சிகிச்சை, மற்றவர்களுக்கு இந்த யோகா. பலன் ஏறக்குறைய சமமாக இருந்தது. பாதியில் விட்டுப் போகாமல் முடித்தவர்கள் யோகாவில் அதிகம். அது எனக்கு விளங்குகிறது. நடந்ததைச் சொல்லாமலே தொடங்கலாம் அல்லவா?

அந்த ஹாலில் நாங்கள் கண்டுபிடித்த ஒன்று எந்த ஆய்விலும் இல்லை. அது தமிழ் பற்றியது. 'கையைத் தூக்கு', 'குனி', 'நிமிர்', 'மூச்சை இழு'. சாதாரண யோகா வகுப்பு முழுக்க ஏவல்தான். 'தூக்குங்கள்' என்று மரியாதையாகச் சொன்னாலும் ஏவல் ஏவல்தான். எங்களில் பாதிப் பேர் சேரியிலிருந்து வந்தவர்கள். எங்கள் பாட்டி, அம்மா எல்லோரும் 'வாடி, போடி' கேட்டே வளர்ந்தவர்கள். வரப்பில் அந்தக் குரல், வீட்டில் இந்தக் குரல். எங்களுக்கு ஏவல் காதில் விழுந்தால் உடம்பு தானாகக் கீழ்ப்படியும், மனம் அந்த இடத்தை விட்டுப் போய்விடும். அந்த அக்கா சென்னையில் படித்தவர், ஆங்கிலக் கையேட்டைப் பார்த்து 'உங்களை அழைக்கிறேன்' என்று மொழிபெயர்த்துச் சொல்லிப் பார்த்தார். கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கிறது என்று சிரித்தோம். பிறகு நாங்களே சரிசெய்தோம். 'தூக்கிப் பார்க்கலாம்', 'தோதா இருந்தா', 'போதும்னா விட்டுடலாம்'. இப்படித்தான் இப்போதும் நடக்கிறது.

சமஸ்கிருதப் பெயர்களும் போயின. கொக்கு மாதிரி நிற்பது, பூனை முதுகு, துணி பிழிகிறது. துணி பிழிகிறது என்றால் இடுப்பைத் திருப்புவது.

எங்களில் ஒருவர் அறுபதைத் தாண்டியவர். நடவு வேலை செய்தவர். மகன் வீட்டிலும் அடி, முன்பு கணவனிடமும் அடி. முன்னால் குனிகிற பயிற்சி வந்தபோது அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டார்: "முப்பது வருசம் சேத்துல குனிஞ்சேன். ஆண்டை வீட்டு வாசல்ல குனிஞ்சேன். இன்னும் எதுக்கும்மா குனியச் சொல்றீங்க?" அந்த அக்கா ஒன்றும் விளக்கவில்லை. "வேண்டாம், நிமிர்ந்தே இருங்க" என்றார். அன்றிலிருந்து எங்கள் பயிற்சியில் குனிவது இல்லை. கை கூப்புவதும் இல்லை. சூரியனுக்கு வணக்கம் வைக்க வேண்டிய பாக்கி எங்களுக்கு எதுவும் இல்லை என்பது அந்த அம்மாவின் கருத்து.

சரி, இதெல்லாம் பார்ப்பனியத்தின் சரக்குத்தானே, நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன், தேடிப் படித்தேன். இன்று நாம் பார்க்கும் ஆசன வரிசைகளில் பெரும்பகுதி 1930களில் மைசூர் அரண்மனையில் கிருஷ்ணமாச்சாரியார் காலத்தில் உருவானது. ஐரோப்பிய உடற்பயிற்சி முறைகளின் கலப்பு அதில் எவ்வளவு என்று மார்க் சிங்கிள்டன் 2010இல் புத்தகமே எழுதியிருக்கிறார். ஐயாயிரம் வருடம், வேத காலம் என்பதெல்லாம் ஜூன் 21க்கான வசனம். அதற்கு முந்தைய ஹடயோக நூல்களைப் பார்த்தால், காலத்தால் முற்பட்டதாக ஆய்வாளர்கள் சொல்லும் அமிர்தசித்தி பௌத்த வஜ்ரயான மரபில் எழுதப்பட்டது. தத்தாத்ரேய யோக சாஸ்திரமோ, பார்ப்பனரானாலும் பௌத்தரானாலும் சமணரானாலும் நாத்திகரானாலும் பயிற்சி செய்தால் கைகூடும் என்கிறது. உடம்பும் மூச்சும் எந்தச் சாதிக்கும் பட்டா போட்டுக் கொடுக்கப்படவில்லை. ஆனாலும் பழைய நூலில் இடம் இருக்கிறது என்பதற்காக நான் அதைச் செய்யவில்லை. நூலில் இடம் இல்லாவிட்டாலும் செய்திருப்பேன். என் தோள் எனக்கு வேண்டும்.

புத்தரும் அவர் தம்மமும் நூலில் அம்பேத்கர் ஒரு கட்டத்தை எழுதுகிறார். வீட்டைவிட்டு வெளியேறிய சித்தார்த்தர் ஆசிரியர்களிடம் போய் மூச்சை ஆளும் பயிற்சிகளைக் கற்கிறார், தேர்ச்சி பெறுகிறார். ஆனால் உலகத்தின் துன்பத்துக்கு அதில் விடை கிடைக்காமல் அங்கிருந்து கிளம்பிவிடுகிறார். அந்த இடத்தை நான் பல தடவை படித்திருக்கிறேன். அவர் மூச்சுப் பயிற்சியைக் கேலி செய்யவில்லை. கற்றார். அது போதாது என்று தெரிந்ததும் அங்கேயே உட்கார்ந்துவிடவும் இல்லை.

போதாதவற்றையும் சொல்கிறேன். இன்னும் அடிக்கிறவனோடு ஒரே வீட்டில் இருக்கும் பெண்ணிடம் போய் மூச்சைக் கவனி என்று சொல்லாதீர்கள். அவளுடைய பயம் நோய் அல்ல, அது அவளைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. அவளுக்கு முதலில் தேவை கதவு, காசு, சட்டம். 181க்குக் கூப்பிடலாம். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் அவளுக்கு அந்த வீட்டில் வசிக்கும் உரிமை உண்டு, வீடு யார் பெயரில் இருந்தாலும் சரி. பாதுகாப்பு ஆணை கேட்கலாம், பணம் கேட்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும் என்று சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் சொல்கிறது. பேச ஆள் வேண்டும் என்றால் டெலிமனஸ் 14416 இலவசம்.

சட்டத்தில் ஓட்டையும் இருக்கிறது. சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்துவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றமாக வேண்டுமானால் அது பொதுமக்கள் பார்வையில் நடந்திருக்க வேண்டும். நான்கு சுவருக்குள் வெளியார் யாரும் இல்லாதபோது சொன்னால் அந்தப் பிரிவு பொருந்தாது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் ஹிதேஷ் வர்மா வழக்கில் சொன்னது. என் சமையலறையில் ஆறு வருடம் கேட்ட சொல்லுக்குச் சாட்சி நான் மட்டும்தான். அந்தச் சொல் எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது? என் கழுத்தின் பின்பக்கம், இடது பக்கம். இன்றும் அங்கேதான் இறுகும்.

தேசியக் குடும்ப நல ஆய்வு, 2019-21. தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் சுமார் 38 விழுக்காட்டினர் கணவனின் வன்முறைக்கு ஆளாகியிருக்கிறார்கள். இந்திய சராசரி 29. பெரியார் மண் என்று நாம் சொல்லிக்கொள்ளும் மாநிலம் சராசரிக்கு மேலே நிற்கிறது. இந்தியா முழுவதும் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களில் 77 விழுக்காட்டினர் எவரிடமும் சொன்னதும் இல்லை, உதவி கேட்டதும் இல்லை. இந்த ஹாலில் எத்தனை பெண்கள் உட்கார்ந்திருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் குணமாகிவிட்டேனா? இல்லை. மாத்திரையைக் குறைத்திருக்கிறேன், நிறுத்தவில்லை. ஆலோசகரிடம் இப்போது பேச முடிகிறது, நடந்ததில் பாதிவரை சொல்லியிருக்கிறேன். பைக் ஸ்டாண்ட் சத்தம் கேட்டால் இன்னும் கை நிற்கும். ஆனால் பாதம் தரையில் இருப்பது தெரியும். மூச்சை மெதுவாக வெளியே விடுவேன், அதுவும் அவசரமில்லாமல். அடுப்பை அணைப்பேன். ரசம் வழிவதில்லை. இதைப் பெரிய வெற்றி என்று நான் சொல்லவில்லை, ரசம் வழிவதில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

இனி நான் வந்த காரியம். ஜெராக்ஸ் கடைக்காரர் ஹாலைக் காலி செய்யச் சொல்லிவிட்டார், மேலே குடோன் வைக்கப்போகிறாராம். எட்டுப் பேராக இருந்த நாங்கள் இப்போது பத்தொன்பது பேர். கோயில் மண்டபம் தருகிறேன் என்று ஒருவர் சொன்னார், எங்களில் பாதிப் பேர் அந்தப் படி ஏற மாட்டார்கள். இந்த ஊரில் நம் தோழமை அமைப்புகளுக்கும் சங்கங்களுக்கும் அலுவலகங்கள் இருக்கின்றன. ஞாயிறு காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை அவை பூட்டித்தான் கிடக்கின்றன. பத்தொன்பது நாற்காலி, குடிதண்ணீர், கழிவறை இருந்தால் போதும். கதவு உள்ளிருந்து திறக்கும்படி இருக்க வேண்டும். அந்த இரண்டு மணி நேரம் எந்த ஆண் தோழரும் ஃபைல் எடுக்க வந்தேன் என்று உள்ளே வரக்கூடாது, யார் யார் வருகிறார்கள் என்று பட்டியல் கேட்கக்கூடாது. வருகிறவர்களில் உங்கள் தோழர்களின் மனைவிகளும் இருக்கலாம்.

சாவி எங்களிடம் இருக்க வேண்டும். கொடுக்க முடிகிறவர்கள் சொல்லுங்கள், கூட்டம் முடிந்ததும் வாசலில் நிற்பேன்.